கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கிளட்ச் கவர்

நேற்று இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வந்திருந்தார். மூடிகளைத் திருகித் திறந்ததும் அறை முழுக்க அந்த வாசனை. வாசனை என்று நான்தான் சொல்கிறேன். மற்றவர்கள் நெடி என்பார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேட்டரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "தள்ளி உக்காருங்கம்மா, ஆசிட்டு. துணியில பட்டா ஓட்ட வுழுந்துடும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னிடமா சொல்கிறார்? என் கல்யாணத்துக்கு வந்த சேலைகளில் பாதி, இந்த ஆசிட்டால்தான் கொசுவலையாகிப் போனது.

போகும்போது ஒரு வெள்ளைக் கேனை வைத்துவிட்டுப் போனார். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். இந்தத் தண்ணீருக்காக நான் பெரம்பலூர் கடைத்தெருவில் குடத்தோடு நின்ற கதையைச் சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிள் எஞ்சின் பாகங்களுக்கு நிறம் ஏற்றுகிற வேலை எனக்கு. பெயிண்ட் அடிப்பது இல்லை. அந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்களிடம் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அலுமினியப் பாகத்தைத் தண்ணீர் கலந்த ஆசிட்டில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுத்தால், அதன் மேல் அதற்கே சொந்தமாக ஒரு தோல் வளரும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த தோல். அதைச் சாயத்தில் முக்கினால் துளைகளுக்குள் சாயம் இறங்கிக்கொள்ளும். பிறகு சுத்தமான தண்ணீரில் கொதிக்க வைத்தால் துளைகள் மூடிக்கொள்ளும். சுரண்டினாலும் லேசில் வராது. அனோடைசிங் என்று பெயர். கேட்பதற்குப் பெரிய தொழிற்சாலை வேலை மாதிரி இருக்கும். நான் செய்தது துறையூர் சாலையில் ஒரு வாடகை வீட்டின் கொல்லைப்புறத்தில்.

பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பைக் மெக்கானிக் கடை. காலையில் அவர் கடைக்குப் போய்விட்டால் எனக்குச் சமையலும் சுவரும்தான் துணை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "படிச்சிட்டுச் சும்மாதான் இருக்கியா?" என்று உருகுவார்கள். அந்த உருக்கத்தைப் பார்க்கும்போது பந்தியில் வைத்த பாயசத்தை அவர்கள் இலையிலேயே கவிழ்த்துவிடலாமா என்று இருக்கும்.

ஒருநாள் வீட்டுக்காரர் ஒரு பிரேக் லிவரைக் கொண்டுவந்து காட்டினார். கடைக்கு வரும் ஒருவர் எங்கிருந்தோ தபாலில் வரவழைத்ததாம். குங்குமச் சிவப்பு. அதே சமயம் உலோகத்தின் மினுக்கமும் உள்ளேயிருந்து தெரிந்தது. "பெயிண்ட் இல்ல, பாரு. நகத்தால சொரண்டுறேன், வர மாட்டேங்குது" என்றார். நான் அப்போது தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தேன். கல்லூரிப் பாடத்தில் ஒரு பக்கமாகப் படித்தது, இதோ கையில் இருக்கிறது. "இத நாமளே செய்யலாம்" என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் ஒரு நல்ல குணம் உண்டு. நான் சொல்வது தப்பாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. கெட்ட குணம் என்று பார்த்தாலும் அதேதான். மறுநாளே நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கரண்ட் வந்து வந்து போன காலம் அது. பாகம் தொட்டியில் இருக்கும்போது கரண்ட் போனால் அன்றைய வேலை பாழ். அதனால் லாரி பேட்டரிகளை வரிசையாக இணைத்துக்கொண்டோம். அடுத்த தொல்லை வெயில். மின்சாரம் பாயப் பாய ஆசிட் சூடாகும். சூடானால் வளர்கிற தோல் கெட்டிப்படாமல் விபூதி மாதிரி கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெரம்பலூர் சித்திரையில் எதைத்தான் குளிர்ச்சியாக வைப்பது? மீன் கடைக்கு வரும் ஐஸ் பாளத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு சொல்லிவைத்து, விடியும்போதே வாங்கி உடைத்துத் தொட்டியைச் சுற்றிக் கொட்டுவேன். தெருவில் நாங்கள் மீன் வியாபாரம் தொடங்கிவிட்டதாகப் பேச்சு. கேட்டைத் தட்டி, "வஞ்சிரம் வந்துருக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு.

சாயத்துக்கு ஜெயங்கொண்டம் போனேன். பட்டு நூலுக்குப் போடுகிற சாயம் இதற்கும் பிடிக்கும் என்று எங்கேயோ படித்திருந்தேன். சாயக் கடைக்காரர், "எத்தன தறிம்மா ஓடுது?" என்று கேட்டார். தறி இல்லை, பைக் எஞ்சினுக்கு என்றேன். அவர் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேசாமல் கட்டிக் கொடுத்தார். பைத்தியத்திடம் வாதம் செய்யக்கூடாது என்று நினைத்திருப்பார்.

சாயம் அழகாகப் பிடித்தது. கெடுத்தது தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படியும், உங்களுக்கே தெரியும். கடைசியாகக் கொதிக்க வைத்து எடுத்த லிவர் மேலும் அதே வெள்ளை. தேய்த்தால் போகும், காய்ந்தால் திரும்ப வரும். பேட்டரித் தண்ணீரைக் காசு கொடுத்து அண்டா அண்டாவாக வாங்க நாங்கள் என்ன மிராசுதாரா? அப்போதுதான் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது என்பது நினைவுக்கு வந்தது. கடைத்தெருவில் ஓர் ஏ.டி.எம்.முக்குப் பின்னால் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்பேன். முன்பக்கம் பணத்துக்கு வரிசை, பின்பக்கம் நான். அங்கே இருந்த வாட்ச்மேன் சில நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தத் தண்ணிய நம்ம குடிக்கலாமா?" என்று கேட்டார். "எஞ்சின் பார்ட்ஸ் வேக வெக்கங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. குடம் நிறைந்தால் மட்டும் எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்திருப்பார். நல்ல மனிதர்.

லிவர், ஆயில் மூடி, கண்ணாடிக் கம்பி என்று சின்னச் சின்னதாக நன்றாக வந்தது. சிவப்பு, பச்சை, மயில் கழுத்து நீலம். வீட்டுக்காரர் கடையில் ஒரு கயிறு கட்டி அதில் தொங்கவிட்டார். பார்க்கிறவர்களுக்கெல்லாம், "எங்க வூட்டுல செய்யிறாங்க" என்று சொல்வார். நான் கடைப் பக்கம் போனால் காரணமே இல்லாமல் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விசாரிக்காதவர்களிடம் நானே ஆரம்பித்திருக்கிறேன்.

எஞ்சினின் பெரிய மூடிகள் வேறு விஷயம். கிளட்ச் கவர் மாதிரியான பாகங்கள் அச்சில் வார்த்தவை. அந்த வார்ப்பில் அலுமினியத்தோடு சிலிக்கானும் கலந்திருக்கும். அதன் மேல் வளரும் தோல் சாம்பல் பூத்துத்தான் வரும். சிவப்பைக் கொடுத்தால் பழைய செங்கல் நிறம், மஞ்சளைக் கொடுத்தால் சொல்லவே வேண்டாம். பல கவர்களைப் பாழாக்கிய பிறகு ஒன்று கண்டுகொண்டேன். சாம்பலை மறைக்க நினைக்காமல் அதையும் சேர்த்துக்கொள்கிற நிறமாகக் கொடுக்க வேண்டும். கத்தரிப்பூ நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாக ஏற்றினேன். அடியிலிருந்த சாம்பல் அதற்கு ஒரு ஆழத்தைக் கொடுத்தது. வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம். அப்படி ஒன்றை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. முதல் கவர் காய்ந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

அந்த நிறத்தைப் பார்த்து முதலில் ஆசைப்பட்டவர் ராஜதுரை. அரியலூர்ப் பக்கம், ஒரு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. வண்டியின் மேல் உயிர். கிளட்ச் கவர், எஞ்சினின் மறுபக்கத்து மூடியான மேக்னட் கவர் இரண்டையும் கழற்றிக் கொடுத்து, கத்தரிப்பூவில் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள், இந்த மழை முடியட்டும், எல்லாரையும் கூட்டி வருகிறேன் என்றார். நான் ஆகாயத்தில் மிதந்தேன்.

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரியலூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சோளமும் பருத்தியும் போடுகிறவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள், மருமகளாக வந்த நான்தான். பெண் பார்த்துவிட்டுப் போன அன்றே ஊர் டீக்கடையில், "மருமவ டீச்சராவப் போவுது" என்று அறிவித்துவிட்டாராம். நான் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு பை காய்கறியோடு பி.எட். பேச்சையும் கொண்டுவருவார். கொல்லையில் தொட்டியைப் பார்ப்பார். கொதிக்கிற குமிழைப் பார்ப்பார். என் சேலை ஓட்டைகளைப் பார்ப்பார். போகும்போது மகனிடம் மட்டும், "ஆசிட்டுல கைய வுட்டு வேல செய்யவாடா அது படிச்சிது?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தேன்.

அந்த வருஷம் மழை முடிந்து பனி இறங்கிய நேரம். மாமா வந்து, பி.எட். சேர இடம் விசாரித்து முடித்துவிட்டதாகவும், வருகிற வருஷம் சேர்ந்துவிட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் பைக் சத்தம். ராஜதுரை. கூட யாரும் இல்லை. வண்டியில் வேறு கவர்கள், கையில் ஒரு கோணிப்பை. அதிலிருந்து இரண்டு கவர்களையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

கத்தரிப்பூ நிறத்தில் தேமல் விழுந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். கீழ் விளிம்பில் நிறமே இல்லை, விரலால் தொட்டால் சொரசொரவென்று இருந்தது. "என்னக்கா இது, போவவே போவாதுன்னு சொன்னீங்க. எல்லாப் பயலும் சிரிக்கிறான்" என்றார் ராஜதுரை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. பெரம்பலூரில் ஓடுகிற வண்டிகளில் ஒன்றும் ஆகவில்லை. இது அரியலூர் வண்டி. அந்தச் சாலையெல்லாம் சிமெண்ட் தூசி. ராத்திரிப் பனியில் தூசி நனைந்தால் அது சுண்ணாம்புத் தண்ணீர்தான், கடும் காரம். அலுமினியத்தின் தோல் ஆசிட்டிலும் கரையும், காரத்திலும் கரையும். ஈரியல்பு ஆக்சைடு என்று இரண்டாம் வருஷப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினவள் நான். பக்கத்து ஊர்த் தூசி அந்தப் பாடத்துக்குள் வரும் என்று தோன்றவில்லை. சிமெண்ட் சாலையில் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தோலை மட்டும் நம்பிப் போட்டுக் கொடுத்தது, உப்பில் செய்த பாத்திரத்தை மழையில் வைத்த மாதிரி.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ராஜதுரைக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தவரும் அவர்தான். பிறகு என்னைப் பார்த்து, "போதும்மா. அந்தத் தொட்டியத் தூக்கிக் கொட்டிட்டுப் படிக்கப் போ. ஒனக்கு எதுக்கு இந்த அவமானம்?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு எங்கிருந்து வந்தது தெரியவில்லை. "ஒரே ஒரு மழ குடுங்க மாமா. அடுத்த மழைக்கு நிக்கிற மாதிரி செஞ்சு காட்டறேன். நிக்கலன்னா நீங்க சொல்ற எடத்துல சேந்துக்கறேன்" என்றேன். மாமா ராஜதுரையைக் காட்டி, "அந்தத் தம்பி வண்டியில வேணாம். நின்னா நல்லது, நிக்கலன்னா அது இன்னொரு தடவ தலகுனியணும். என் வண்டியில போடு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. தோல் காரத்தைத் தாங்காது, அதை மாற்ற முடியாது. அப்படியானால் காரம் தோலைத் தொடாதபடி மேலே ஒரு பூச்சு வேண்டும். கார் பட்டறைகளில் பெயிண்டுக்கு மேல் அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டை வாங்கி அடித்துப் பார்த்தேன். பளபளப்பாக இருந்தது. எஞ்சின் சூட்டில் நாலு நாள் ஓடியதும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. வழவழப்பான இடத்தில் எதுவும் ஒட்டாதல்லவா? அப்புறம்தான் புத்தி வந்தது. நான் கொதிக்க வைத்துத் துளைகளை மூடிவிட்ட பிறகு பூச்சு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சாயம் ஏறியதும் கொதிக்க வைக்காமல், துளைகள் திறந்திருக்கும்போதே பூச்சை அடிக்க வேண்டும். அது துளைக்குள் வேர்விட்டுக்கொள்ளும். பிறகு ஒரே சீரான சூட்டில் வேக வைக்க வேண்டும். அப்படியென்றால் அந்த ஏ.டி.எம். தண்ணீர் கவருக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை குடம் சுமந்திருப்பேன்!

வேக வைக்க அடுப்பு எங்கே? கிளட்ச் கவர் நுழைகிற மாதிரி, கதவு மூடுகிற மாதிரி, இரும்பில் ஒரு பெட்டி வேண்டும். நானும் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தோம். என் அம்மா சீராகக் கொடுத்த பீரோ. சேலைகளை எல்லாம் டிரங்குப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பீரோவைக் கொல்லைக்குக் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி, உள்ளே ஹீட்டர் காயில்களை மாட்டினோம். முதல் நாள் பீரோவின் பெயிண்டே வெந்து புகைந்து தெருவே கூடிவிட்டது. அது அடங்கிய பிறகு அருமையான அடுப்பு. அந்த வாரம் பார்த்து அம்மா வந்தார். கொல்லைக்குப் போனவர், கதவைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார். "பட்டுப்புடவ வெக்க வாங்கிக் குடுத்தேன்டி, இதுல என்னடி வேவுது?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலில் அவர் சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பப் பார்த்தார். வீட்டுக்காரர்தான் பேசிப் பேசி உட்கார வைத்தார்.

ஆவணி கடைசியில் மாமாவின் வண்டிக்குக் கிளட்ச் கவரை மட்டும் போட்டோம். அவருடையது பழைய வண்டி. யூரியா மூட்டை, பருத்திப் பொதி, அத்தையோடு உறவினர் வீடு, எல்லாம் அதில்தான். கத்தரிப்பூ நிறக் கவரோடு அந்த வண்டியைப் பார்க்க, கதர் வேட்டிக்குச் சரிகைத் துண்டு போட்ட மாதிரி இருந்தது. மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டே ஏறிப் போனார்.

பிறகு மழை. மாமா வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். வேலை இருக்கிறதோ இல்லையோ, சிமெண்ட் லாரிகள் போகிற சாலை வழியாகத்தான் அரியலூருக்குப் போவாராம். வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்துவதை விட்டுவிட்டார். தீபாவளிக்கு வந்தபோது எஞ்சின் இருக்கிற இடமே தெரியவில்லை. வெளுத்த சேறு, அதன் மேல் தூசி, அதன் மேல் சேறு. நான் ஈரத்துணியோடு மெதுவாகப் பக்கத்தில் போனேன். "கைய வெக்காத! மழ முடியட்டும்" என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது. கார்த்திகைக்குப் போனோம், அதே கதை. மார்கழியில் விரல் நுனியால் ஓரமாகச் சுரண்டிப் பார்க்க நினைத்தேன். அத்தை பார்த்துவிட்டு, "ஒங்க மாமாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று கண்ணைக் காட்டினார். அந்தச் சேற்றுக்குள் என் வேலை உயிரோடு இருக்கிறதா, தேமல் பிடித்துக் கிடக்கிறதா என்று தெரியாமலே அந்தக் குளிர்காலம் போனது. பி.எட். சேருவதற்கான சான்றிதழ்களை எல்லாம் எடுத்து அடுக்கிக்கூட வைத்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கலன்று மாமா வீட்டில் இருந்தோம். மோட்டார் கொட்டகைத் தொட்டிக்குப் பக்கத்தில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து முடித்தார்கள். டிராக்டரைக் கழுவினார்கள். பங்காளி வீட்டு ஆட்கள் எல்லாம் கூடி நின்றார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வண்டியை நடுவில் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டார். என்னைப் பார்த்தார். "வா இங்க" என்றார். போய் நின்றேன்.

ஒரு வாளித் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றினார். வெள்ளைச் சேறு கரைந்து ஓடியது. வைக்கோலைச் சுருட்டித் தேய்த்தார், நான் தேய்க்கிற மாதிரி மெதுவாக இல்லை, மாட்டைத் தேய்க்கிற மாதிரி. இன்னொரு வாளி. கத்தரிப்பூ நிறம் ஒரு ஓரத்தில் தெரிந்தது. நான் குனிந்தேன். இன்னொரு வாளி. மேல் விளிம்பு, நடு, போல்ட்டு இருக்கும் இடங்கள், ராஜதுரையின் கவரில் நிறமே போயிருந்த அந்தக் கீழ் விளிம்பு, எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. ஒரு பொட்டுகூட வெளுக்கவில்லை. மறுபக்கமும் தண்ணீர் ஊற்றினார், அங்கே நாங்கள் கை வைக்காத மேக்னட் கவர், பொரிந்து போய் வெள்ளை பூத்துக் கிடந்தது. பார்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் நின்றேன்.

மாமா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கவரைத் துடைத்தார். மாடுகளுக்கு வைத்த சந்தனக் கிண்ணத்தை வாங்கி, டிராக்டருக்குப் பொட்டு வைத்தார், வண்டியின் ஹெட்லைட்டுக்கு வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தக் கவரின் மேல் ஒரு பொட்டு வைத்தார். நிமிர்ந்து, "டீச்சர் வேலைக்கு ஆள் வருவாங்க. நீ ஒன் வேலயப் பாரு" என்றார். அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு மாமா செய்த அலட்டலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அரியலூர் டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், கத்தரிப்பூ நிறப் பக்கம் சாலையைப் பார்க்கிற மாதிரிதான் நிறுத்துவார். யாராவது மறைத்தாற்போல் வண்டியை விட்டால், டீயை வைத்துவிட்டு வந்து தன் வண்டியை நகர்த்தி வைப்பாராம். கேட்டவர்களுக்கு, "எம் மருமவ போட்டது. சிமிட்டி ரோட்டுல ஒரு மழ முழுக்க ஓட்டிப் பாத்தாச்சு" என்பார். ராஜதுரைக்கு இரண்டு கவரையும் புதிதாகச் செய்து கொடுத்தேன். சொன்னபடி கூட்டத்தோடு வந்தார். அரியலூர், ஜெயங்கொண்டம், சிறுவாச்சூர் என்று வண்டிகள் வந்தன. பூலாம்பாடியிலிருந்து வெளிநாடு போய் வந்தவர்கள் பழைய வண்டிகளைத் தேடித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். துறையூர் சாலைக் கொல்லை போதாமல் ஊருக்கு வெளியே ஷெட் போட்டோம். சுவரில் என் பெயரை எழுத வைத்தவர் வீட்டுக்காரர். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதை எதற்கு மறைக்க வேண்டும்?

துறையூர் சாலை வீடு இப்போது இல்லை. கொல்லை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. வண்டிகளும் மாறிவிட்டன. எஞ்சின் கம்பெனியிலிருந்தே கறுப்பாக வருகிறது, பாதியைப் பிளாஸ்டிக் மூடிவிடுகிறது, சிலவற்றில் எஞ்சினே இல்லை. எங்கள் ஷெட்டில் இன்றைக்கும் தொட்டிகள் நிறைய வேலை இருக்கிறது. லேத்தில் கடைந்த பாகங்கள், மெஷின் பேனல்கள். கிளட்ச் கவரைத் தூக்கிக்கொண்டு யாரும் வருவதில்லை.

மாமாவுக்குக் கண் மங்கி, முழங்காலும் ஒத்துழைக்காமல் போனதும் அவரும் வண்டியை விற்றுவிட்டார். வாங்கியவர் அதை எடுத்துக்கொண்டு போனபோது நானும் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தோம். சோளக்காட்டு வளைவு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மாமாவை அந்தச் சாலையில் இனிப் பார்க்க முடியாது, டீக்கடை வாசலில் அவர் வண்டியை நகர்த்தி வைப்பதையும் பார்க்க முடியாது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு தகராறு நடந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போன அந்த மனிதர், எஞ்சினைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். கிளட்ச் கவர் இருந்த இடத்தில் சாதாரண வெள்ளைக் கவர் ஒன்று மாட்டியிருந்தது. "நேத்து வந்தப்ப இது கலரா இருந்துச்சே பெரியவரே?" என்றார். வீட்டுக்காரருக்குச் சங்கடம். "அப்பா, பாவம், அதையும் குடுத்துடுங்களேன்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். மாமா கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வண்டி என்னுது, வித்துட்டேன். அந்தக் கவரு எம் மருமவளுது. அத நா எப்படிய்யா விக்கிறது?"